பழுதுபார்த்த பிறகு காரில் புதிதாகத் தோன்றும் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வேலைக்காகப் பணிமனைக்குப் போன கார், அந்த வேலை முடிந்து வந்ததும் வேறொரு தொல்லை தருகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கடைசியாகக் கை பட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். மாற்றப்பட்ட பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. ஒரு பாகத்தை அடைவதற்காகக் கழற்றப்பட்டவை, தளர்த்தப்பட்டவை, ஓரமாகத் தள்ளி வைக்கப்பட்டவை, வடிக்கப்பட்ட திரவங்கள், பிடுங்கி மீண்டும் செருகப்பட்ட கனெக்டர்கள் ஆகிய அனைத்தும் அந்த வேலையின் பகுதிகளே. சில வி6 இன்ஜின்களில் பின்வரிசை ஸ்பார்க் பிளக்குகளை மாற்ற வேண்டுமென்றால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும், மேலிருக்கும் இன்டேக் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டியிருக்கும். பில்லில் "ஸ்பார்க் பிளக் மாற்றம்" என்று ஒரு வரி மட்டும் இருந்தாலும், உண்மையில் கேஸ்கெட், வெற்றிடக் குழாய்கள், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி, நான்கைந்து சென்சார் இணைப்புகள் எல்லாம் கழன்று மாட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்து, இந்த வேலைக்கு எவையெல்லாம் வழியில் இருந்திருக்கும் என்று எழுதுங்கள். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதிலுள்ள கழற்றும் வரிசையே அந்தப் பட்டியலாகிவிடும்.

அப்படியென்றால் கோளாறுக்குப் பழுதுபார்த்தவரே காரணம் என்று முடிவு செய்துவிடலாமா?

முடிவு செய்யக் கூடாது. வேலைக்குப் பிறகு வந்தது என்பது வலுவான துப்பு, ஆனால் அது மட்டுமே சான்றாகாது. வேலையில் நேர்ந்த தவறு ஒரு காரணமாக இருக்கலாம். புதிதாகப் போட்ட பாகமே குறையுள்ளதாக இருக்கலாம். முற்றிலும் தொடர்பில்லாத ஒன்று அதே வாரத்தில் பழுதாகியிருக்கலாம். இவற்றோடு, பலரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு வகையும் உண்டு. ஏற்கெனவே நைந்திருந்த ஒரு பாகம், பக்கத்திலிருந்த பாகம் சீரானதும் தன் பலவீனத்தைக் காட்டிவிடும். கசிந்துகொண்டிருந்த ரேடியேட்டரை மாற்றியதும் குளிர்விப்பு அமைப்பில் முழு அழுத்தம் திரும்புகிறது; அதுவரை குறைந்த அழுத்தத்தில் தாக்குப்பிடித்த பழைய ஹோஸ் இப்போது பிளக்கிறது. வழுக்கிக்கொண்டிருந்த கிளட்ச் புதிதானதும் இன்ஜினின் முறுக்கு விசை முழுமையாகக் கடத்தப்படுகிறது. தளர்ந்திருந்த இன்ஜின் மவுன்ட் இப்போது "டொக்" என்று அடிக்கிறது. இத்தகைய கோளாறுகளில் மெக்கானிக் தவறு எதுவும் செய்யவில்லை, ஆனாலும் அவருடைய வேலைதான் அதை வெளிக்கொண்டுவந்தது. எது எந்த வகை என்பதைச் சோதனை மட்டுமே சொல்லும். குற்றம் சாட்டுவதில் அவசரப்படுபவர்கள் பெரும்பாலும் சோதனையை விட்டுவிடுகிறார்கள் என்பதே என் கவலை.

எந்த அறிகுறிகள் தென்பட்டால் காரை மேற்கொண்டு ஓட்டவே கூடாது?

பிரேக் பெடல் தரைவரை இறங்குவது, பெட்ரோல் அல்லது டீசல் வாடை, ஆயில் அழுத்த விளக்கு எரிவது, வெப்பமானி மேலேறுவது, ஸ்டியரிங்கில் திடீர் இறுக்கம் அல்லது தளர்வு, சக்கரத்திலிருந்து வேகத்துக்கேற்ப வலுக்கும் ஆட்டம் அல்லது தட்டும் ஓசை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஓரமாக நிறுத்திவிட்டு இழுவை வண்டியை அழையுங்கள். செக் இன்ஜின் விளக்கு சீராக எரியாமல் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தால், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டெரிக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் (சிலிண்டரில் எரிபொருள் சரியாகத் தீப்பற்றாமை) இருக்கிறது என்று பொருள். அப்போதும் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

சோதனையைத் தொடங்குவதற்கு முன் எவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்?

கோளாறு எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்ற இரண்டையும் குறியுங்கள். இரண்டாவது முதலாவதைவிடப் பல சமயம் அதிகம் சொல்லும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? ஓசை இன்ஜின் சுழற்சியோடு மாறுகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு மாறுகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எளிய சோதனை உண்டு: நிறுத்திய காரில் இன்ஜினை மட்டும் உயர் சுழற்சியில் வைத்தபோதும் அதே ஓசை வந்தால் சக்கரம், பேரிங், டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றை ஒதுக்கிவிடலாம்.

அடுத்து, காரின் கணினியோடு பேசும் கருவியான ஓபிடி ஸ்கேனரை மாட்டி, கணினி பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீடுகளை, அதாவது கோடுகளை (code), படித்து எழுதிக்கொள்ளுங்கள். கோடு பதிவான கணத்தில் இன்ஜின் சுழற்சி, கூலன்ட் வெப்பநிலை, வேகம், சுமை ஆகியவை எவ்வளவு இருந்தன என்பதையும் கணினி சேமித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் எனப்படும் அந்தப் பதிவைக் கட்டாயம் படமெடுத்துக்கொள்ளுங்கள். கோடுகளை அழித்தாலோ, பல கார்களில் பேட்டரியைக் கழற்றினாலோகூட, அந்தப் பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். "ஒருமுறை அழித்துப் பார்ப்போம், திரும்ப வருகிறதா என்று தெரியும்" என்று தொடங்கும் எவரையும் சற்றுத் தடுத்து, முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐட்லிங்கில் இன்ஜின் சுழற்சி ஏறி இறங்குகிறது. இது இயல்பா?

சில தொடக்கங்கள் வரை இயல்பாக இருக்கலாம். இன்ஜின் கணினி, காலப்போக்கில் த்ராட்டிலில் படியும் கரியையும் பாகங்களின் தேய்மானத்தையும் கணக்கில் கொண்டு சில திருத்தங்களைக் கற்று வைத்திருக்கும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் பல கார்களில் அந்தக் கற்றல் அழிந்து, கணினி மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியதாகிறது. இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து கணினியின் பழைய கற்றலை அப்படியே விட்டுவிட்டால், கரி படிந்த த்ராட்டிலுக்காகக் கூடுதலாகத் திறந்து பழகிய கணினி, சுத்தமான த்ராட்டிலையும் அதே அளவு திறந்து ஐட்லிங்கை உயர்த்திவிடும். இரண்டுக்கும் தீர்வு, ஐட்லிங்கைக் கணினிக்கு மீண்டும் கற்பிக்கும், தயாரிப்பாளர் சொல்லும் ஐடில் ரீலேர்ன் முறையை ஒழுங்காகச் செய்வதே. சில கார்களில் சாவியைத் திருப்பிச் சில நிமிடங்கள் காத்திருந்தால் போதும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும்.

ஜன்னல் கண்ணாடி ஒரே தொடுதலில் மேலேறாமல் போவது, கடிகாரம் பின்தங்குவது, ஸ்டியரிங் கோணச் சென்சார் தொடர்பான விளக்கு சிறிது தூரம் எரிந்து அணைவது ஆகியவையும் இதே காரணத்தால் வருபவைதாம். இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகும் ஐட்லிங் சீராகவில்லையென்றால் கற்றலைக் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

ஏர் ஃபில்டர் அல்லது இன்டேக் பகுதியில் வேலை நடந்தது. இப்போது செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, பிக்கப்பும் குறைந்திருக்கிறது. என்ன பார்ப்பது?

பழுதுபார்ப்புக்குப் பிந்தைய கோளாறுகளில் மிக அதிகமாகச் சந்திக்க நேர்வது இதுதான். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏர் ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார், இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து கணினியிடம் சொல்கிறது. கணினி அதற்கேற்ற பெட்ரோலை அளிக்கிறது. அந்தச் சென்சாருக்கும் இன்ஜினுக்கும் இடையே ஒரு ரப்பர் குழாயின் கிளாம்ப் இறுகாமல் இருந்தாலோ, ஒரு சிறு வெற்றிடக் குழாய் மாட்டாமல் விடப்பட்டாலோ, அளக்கப்படாத காற்று உள்ளே நுழைகிறது. கணக்குக்கு அதிகமான காற்று சேர்வதால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது. வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிகுவதை எக்ஸாஸ்டிலுள்ள ஆக்சிஜன் சென்சார் கவனித்துச் சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது. தன்னால் கூட்ட முடிந்த எல்லையைத் தொட்டதும் பி0171 என்ற கோடைப் பதிந்துவிட்டு விளக்கை எரியவிடுகிறது.

இதை உறுதிப்படுத்த ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் எனப்படும் எரிபொருள் திருத்த அளவைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேலும் கீழும் சில சதவீதம் ஆடுவது இயல்பு. ஐட்லிங்கில் அது 20 சதவீதத்தை ஒட்டி இருந்து, சுழற்சியை நிமிடத்துக்கு 2500க்கு உயர்த்தியதும் இயல்புக்கு அருகில் இறங்கினால், காற்றுக் கசிவு என்று பெரும்பாலும் நம்பலாம். ஐட்லிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் உள்ளே வெற்றிடம் வலுவாக இருக்கிறது, மொத்தக் காற்று குறைவு, அதனால் கசிவின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. சுழற்சி கூடும்போது மொத்தக் காற்று பெருகி அதே கசிவு சிறிதாகிவிடுகிறது. இதற்கு மாறாகச் சுமை கூடக்கூடத் திருத்த அளவும் கூடினால், எரிபொருள் அழுத்தத்தையோ மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரையோ சந்தேகியுங்கள். எண்ணெய் தடவிய வகை ஃபில்டரைப் போட்டு, அந்த எண்ணெய் சென்சார் இழையில் படிந்திருந்தாலும் இப்படி ஆகும். மாஸ் ஏர் ஃப்ளோவுக்குப் பதிலாக மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் இன்ஜின்களில், கசிந்து வரும் காற்றும் அழுத்தத்தில் பிரதிபலிப்பதால், கலவை குறைவதைவிட ஐட்லிங் உயர்வதே முதன்மை அறிகுறியாக இருக்கும்.

கசிவின் இடத்தைக் கண்டறிய இன்டேக்கினுள் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தி அது எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பதே பாதுகாப்பான வழி. எளிதில் தீப்பற்றும் கிளீனரைத் தெளித்து இன்ஜின் ஓசை மாறுகிறதா என்று கேட்கும் பழக்கம் பரவலாக இருந்தாலும், சூடான எக்ஸாஸ்டின் அருகே அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் காரில் இன்டேக் வேலை முடிந்த பின் வந்த ஐட்லிங் ஆட்டத்துக்காக இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டேன். எல்லாக் குழாய்களும் மாட்டியே இருந்தன. மேனிஃபோல்டின் பின்புறம், கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஒரு விரல் நீளமுள்ள ரப்பர் குழாய் மாட்டும்போது வளைந்து அடிப்பக்கம் கீறியிருந்தது. கைக்கண்ணாடியைப் பின்னால் நீட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பழைய ரப்பரும் பழைய பிளாஸ்டிக்கும் அசைக்கப்படும் வரைதான் முழுமையாக இருக்கும் என்பதை அன்றிலிருந்து எந்த வேலைக்குப் பிறகும் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.

ஸ்பார்க் பிளக் மாற்றிய பிறகு மிஸ்ஸிங் வருகிறது. பிளக்தான் காரணமா?

இருக்கலாம், ஆனால் எளிதில் சரிபார்க்க முடிந்ததை ஊகிப்பானேன்? ஸ்கேனர் காட்டும் மிஸ்ஸிங் கோடு பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலை முதல் சிலிண்டரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0302 ஆக நகர்ந்தால் காயில் பழுது. நகராவிட்டால் அடுத்ததாகப் பிளக்கை மட்டும் இடம் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் கோடு நகர்ந்தாலும் எதனால் என்று தெரியாமல் போய்விடும். இரண்டும் நகராவிட்டால் இன்ஜெக்டர், அதன் கனெக்டர், கம்ப்ரஷன் என்று தொடருங்கள்.

அதற்கும் முன்பாகக் காயில் கனெக்டர் ஒவ்வொன்றையும் கையால் லேசாக இழுத்துப் பாருங்கள். "க்ளிக்" என்று பூட்டாமல் பாதி நுழைந்த கனெக்டர் பணிமனையில் ஓடும், சாலையின் முதல் குழியில் விட்டுவிடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் தலைமுடி போன்ற விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கீழே விழுந்த பிளக்கையோ, சாக்கெட்டைச் சாய்த்துத் திருகிய பிளக்கையோ நம்ப முடியாது.

டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு இழுவை குறைந்து, ஸ்டார்ட் ஆகவும் நேரமாகிறது. ஓட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் 20 பற்கள் கொண்ட சக்கரத்தில் ஒரு பல் என்பது 18 பாகை. வால்வுகள் திறந்து மூடும் நேரம் அவ்வளவு விலகிய பிறகும் இன்ஜின் ஓடும், ஆனால் சோர்ந்து ஓடும். கிராங்க் சென்சாரும், வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் சென்சாரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் பி0016 போன்ற கோடு வந்தால் சந்தேகம் வலுப்படுகிறது. பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் வடிவமைப்புள்ள இன்ஜினில் விலகல் மேலும் கூடினால் இரண்டும் மோதிக்கொள்ளும். அதன் பிறகு பேச்சு பெல்ட்டைப் பற்றியதாக இருக்காது.

மேல்மூடியைக் கழற்றி, கிராங்க்கைக் கையால், இயல்பான திசையில், முழுதாக இரண்டு சுற்று சுற்றிக் குறிகளை ஒப்பிட வேண்டும். கேம் ஒரு சுற்று முடிக்க கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும் என்பதால்தான் இந்தக் கணக்கு. சுற்றும்போது எங்கேனும் உறுதியான தடை தட்டினால் பலத்தைக் கூட்டாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கூலன்ட் மாற்றிய அல்லது தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மாற்றிய பிறகு வெப்பமானி ஏறி இறங்குகிறது.

முதல் சந்தேகம் ஏர் லாக். வடித்து நிரப்பும்போது சிக்கிய காற்று, குளிர்விப்பு அமைப்பின் உயரமான இடங்களில், குறிப்பாக ஹீட்டர் குழாய்களிலும் சிலிண்டர் ஹெட்டிலும் தங்கிவிடுகிறது. ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள்: இன்ஜின் சூடாக இருந்தும் குளிர்ந்த காற்றே வந்தால், ஹீட்டருக்குள் கூலன்ட் ஓடவில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும் ஓசையும் அதையே சொல்லும். வெப்பச் சென்சாரைச் சுற்றிக் காற்று நின்றால் முள் திடீரெனத் துள்ளும், அல்லது இன்ஜின் கொதிக்கும்போதும் அசையாமல் இயல்பாகக் காட்டிக்கொண்டிருக்கும், இரண்டாவதுதான் அபாயம்.

இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 120 டிகிரி செல்சியஸுக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்து அழுத்தம் விழுந்த கணத்தில் அது கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். இதை ஆயிரம் முறை சொன்னாலும் தகும்.

காற்றை வெளியேற்றுவதற்கான பிளீடர் திருகு இருந்தால் அதைத் திறந்து, ஹீட்டரைத் திறந்த நிலையில் வைத்து, முன்பக்கத்தை உயர்த்தி நிரப்புங்கள். தெர்மோஸ்டாட்டில் சிறு காற்றுத் துளை இருந்தால் அது மேற்பக்கமாக அமைந்திருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டிருந்தால் காற்று வெளியேற வழியில்லை. டிரைவ் பெல்ட் கழற்றி மாட்டப்பட்டிருந்தால் அது செல்லும் பாதையையும் படத்தோடு ஒப்பிடுங்கள், ஏனெனில் தவறான பாதையில் சுற்றிய பெல்ட் வாட்டர் பம்பைப் பின்னோக்கிச் சுழற்றக்கூடும். எத்தனை முறை காற்றை வெளியேற்றினாலும் குமிழ்கள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ஹெட் கேஸ்கெட் வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கான நீல நிறச் சோதனைத் திரவம், எரிந்த வாயு பட்டதும் மஞ்சளாகும்.

பிரேக் பேட் மாற்றி வந்த காரில் பெடல் பஞ்சுபோல் இறங்குகிறது. காற்றுதானே?

பேட் மாற்ற, பேடை டிஸ்கின்மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். வேலை முடிந்ததும் பெடலைப் பலமுறை மிதித்துப் பிஸ்டனை வெளியே கொண்டுவராவிட்டால் முதல் மிதியில் பெடல் தரைக்கே போகும். ஆகவே காரை நகர்த்துவதற்கு முன்பே மிதித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் மென்மையாக இருந்தால் பெடலின் நடத்தையைக் கவனியுங்கள். அடுத்தடுத்து மிதிக்கும்போது மேலேறி இறுகினால் காற்று இருக்கிறது, அல்லது பின்சக்கர டிரம் பிரேக்கில் இடைவெளி அதிகம். மிதித்துப் பிடித்திருக்கும்போது மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, அல்லது பெடல் மிதியைத் திரவ அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் பழுது. பழைய காரில் காற்றை எடுப்பதற்காகப் பெடலைத் தரைவரை மிதித்தால், அன்றாடம் போகாத, துருவும் அழுக்கும் படிந்த பகுதியின்மேல் சீல் உரசிக் கிழியும். சரியாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் பேட் மாற்றிய அன்றே போய்விட்டது என்று பலர் வியப்பது இதனால்தான்.

காலிப்பர்களையே மாற்றியிருந்து, எத்தனை முறை காற்றை எடுத்தாலும் பெடல் இறுகவில்லையென்றால், பிளீடர் திருகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது காலிப்பரின் மேற்புறத்தில் இருக்க வேண்டும். இடதும் வலதும் மாறிப்போயிருந்தால் அது கீழே வந்துவிடும். காற்று மேலேயே தங்கிவிடும். ஏபிஎஸ் அலகுக்குள் காற்று புகுந்திருந்தால் ஸ்கேனர் மூலம் அதன் வால்வுகளை இயக்கியே வெளியேற்ற முடியும்.

ஒரு சக்கரம் மட்டும் சூடேறிப் பிரேக் பிடித்தபடியே இருந்தால், காரை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி அந்தச் சக்கரத்தின் பிளீடரைச் சற்றுத் திறக்கச் சொல்லுங்கள். உடனே சக்கரம் சுற்றத் தொடங்கினால் உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது. உள்ளே வீங்கிய பிரேக் ஹோஸ் போன்றவற்றைத் தேட வேண்டும். திறந்தும் சுற்றவில்லையென்றால் ஸ்லைடு பின், இறுகிய பிஸ்டன், ஹேண்ட் பிரேக் கேபிள் என்று இயந்திரப் பக்கம் போங்கள். அரை நிமிட வேலை, பாதிச் சாத்தியங்கள் ஒதுங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

வீல் பேரிங் மாற்றியதும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள்.

சற்றுப் பொறுங்கள். பல கார்களில் வேகச் சென்சார் படிக்க வேண்டிய காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. கண்ணால் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். பேரிங்கைத் திருப்பிப் போட்டு அழுத்திவிட்டால் சென்சாருக்கு எதிரே காந்தம் இல்லை. எத்தனை புதுச் சென்சார் போட்டாலும் விளக்கு அணையாது. ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒருசேரப் பார்த்தபடி மெதுவாக ஓட்டினால், எந்தச் சக்கரம் பூஜ்யத்திலேயே நிற்கிறது என்று தெரிந்துவிடும். சென்சார் வயர் இழுபட்டு அறுந்ததா, கனெக்டரில் அழுக்கு புகுந்ததா என்பதையும் அப்போதே பாருங்கள்.

சஸ்பென்ஷன் அல்லது டயர் வேலைக்குப் பின் அதிர்வும் ஓசையும் வருகின்றன. எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது?

சக்கரம் கழற்றப்பட்டிருந்தால் முதலில் வீல் நட்டுகளை, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால், மேனுவலில் சொன்ன அளவுக்குச் சரிபாருங்கள்; 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பாருங்கள். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே துருப் பொருக்கு சிக்கியிருந்தால் சக்கரம் சமமாக அமராது. பேலன்ஸ் செய்து வந்த சக்கரமும் ஆடும். அதிர்வு 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி மட்டும் எழுந்தால் பேலன்ஸ், பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டு என்று தேடலைத் தொடங்கலாம். "ஹூம்" என்ற ஓசை இடப்பக்கம் வளையும்போது வலுத்தால், எடை சாயும் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், ஒரே திசையில் சுழல வேண்டிய டயர்களாக இல்லாதபட்சத்தில். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குறை டயரில், மாறாவிட்டால் அலைன்மென்ட்டிலோ பிரேக்கிலோ.

புதுக் கன்ட்ரோல் ஆர்ம் போட்ட பின் வரும் "கிரீச்" ஓசைக்குப் பலரும் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. ஆர்மின் ரப்பர் புஷ் முறுக்கேறிச் செயல்படும் வகை. கார் ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கேறிய நிலையிலேயே வேலை செய்து, ஓசையெழுப்பிச் சில மாதங்களில் கிழியும். எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். போல்ட்டைத் தளர்த்தி, காரைச் சக்கரங்களின்மேல் நிறுத்தி மீண்டும் இறுக்கினாலே பல சமயம் ஓசை நின்றுவிடும்.

வேலைக்குப் பிறகு பேட்டரி இரவோடு இரவாக இறங்குகிறது, அல்லது விளக்குகள் விசித்திரமாக மங்குகின்றன.

இரண்டும் வெவ்வேறு. மங்குதலும், தொடர்பில்லாத பல விளக்குகள் ஒருசேர எரிவதும் பெரும்பாலும் எர்த் வயரைக் காட்டுகின்றன. கியர்பாக்ஸ் அல்லது இன்ஜின் இறக்கிய வேலைக்குப் பின் அது மாட்டப்படாமலோ, பெயின்ட்டின்மேல் இறுக்கப்பட்டோ இருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை இன்ஜின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது.

பேட்டரி இறங்குவதன் காரணத்தைக் காண, காரைப் பூட்டிக் குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். கணினிகள் உறங்கிய பிறகு பெரும்பாலான கார்களில் 50 மில்லி ஆம்பியருக்குக் குறைவாகவே மின்னோட்டம் இருக்க வேண்டும். அதிகமிருந்தால் ஃபியூஸ் ஒவ்வொன்றின் குறுக்கேயும் மில்லிவோல்ட்டை அளந்து, எந்தச் சுற்றில் மின்சாரம் ஓடுகிறது என்று காணலாம். ஃபியூஸைப் பிடுங்கிச் செருகினால் உறங்கிய கணினி விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும்.

இருக்கையைக் கழற்றி மாட்டிய பின் ஏர்பேக் விளக்கு எரிந்தால் அடியிலுள்ள கனெக்டர்தான் பெரும்பாலும் காரணம். ஆனால் ஏர்பேக் சுற்றில் மல்டிமீட்டரை ஒருபோதும் வைக்காதீர்கள். பயிற்சி உள்ளவரிடமே விடுங்கள்.

ஆயில் மாற்றியதும் கருகிய வாடை வருகிறது.

எக்ஸாஸ்ட்டில் சிந்திய ஆயில் என்றால் சில நாளில் எரிந்து நின்றுவிடும். நிற்காவிட்டாலோ, நிறுத்திய இடத்தில் சொட்டு தெரிந்தாலோ, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு அதன்மேல் புது வளையம் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் திடீரென முழு ஆயிலும் வெளியேறக்கூடும் என்பதால் அதைச் சரிபார்க்கும் வரை ஓட்ட வேண்டாம்.

ஸ்கேனர் ஒரு சென்சாரின் பெயரைச் சொல்கிறது. அதை மாற்றிவிடலாமா? புதிதாகப் போட்ட பாகத்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா?

இரண்டுக்கும் விடை, கூடாது என்பதே. கோடு என்பது கணினி கண்ட முரண்பாட்டின் பெயர், பழுதான பாகத்தின் பெயரன்று. ஆக்சிஜன் சென்சார் கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொன்னால், அது உண்மையைச் சொல்லும் நல்ல சென்சாராகவே இருக்கலாம். அதுபோலவே புதுப் பாகம் என்பதற்கு "இன்னும் சோதிக்கப்படாதது" என்பதே பொருள். பழைய பாகம் கையிலிருந்தால் அதைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதே மிக விரைவான சோதனை. ஆகவே எந்த வேலைக்கும் முன்பே, பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படி கேட்டுவையுங்கள்.

வேலை செய்த பணிமனைக்கே திரும்பப் போவது நல்லதா? எப்படிப் பேச வேண்டும்?

பெரும்பாலும் நல்லதே. எதைக் கழற்றினோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்; வேறொருவர் இடையில் கை வைத்துவிட்டால் பொறுப்பு யாருடையது என்பதும் குழம்பிவிடும். கோளாறு தெரிந்த நாளே தெரிவியுங்கள், கிலோமீட்டர் கணக்கோடு. "நீங்கள் கெடுத்துவிட்டீர்கள்" என்று தொடங்குவதைவிட, "இந்த வேலைக்கு முன் இது இல்லை, இப்போது குளிர்ந்த இன்ஜினில் முதல் இரண்டு நிமிடம் இப்படி ஆகிறது, இந்தக் கோடு பதிவாகியிருக்கிறது" என்று சொன்னால் மெக்கானிக்கின் கவனம் தற்காப்பில் போகாமல் காரின்மேல் போகும். காரணத்தை நீங்களே முடிவு செய்து "காயிலை மாற்றுங்கள்" என்று கேட்காதீர்கள். காயிலை மாற்றித் தருவார்கள், கோளாறு அப்படியே இருக்கும்.

அதே பணிமனை இரண்டு முறை பார்த்தும் காரணத்தைச் சோதனையோடு காட்டவில்லையென்றால், அல்லது பிரேக், ஸ்டியரிங் போன்றவற்றில் உங்கள் நம்பிக்கை குலைந்துவிட்டால், வேறிடத்தில் எழுத்து வடிவில் ஓர் ஆய்வறிக்கை வாங்கி, எதையும் சரிசெய்யாமல், அதோடு திரும்பிப் போங்கள்.

ஓசை என்றால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அது கேட்கும் சாலையில் ஓட்டிக் காட்டுங்கள். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வரும் கோளாறு என்றால் முதல் நாள் மாலையே காரை அங்கே நிறுத்திவிட்டு வாருங்கள். காலையில் நீங்கள் ஓட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது இன்ஜின் சூடாகியிருக்கும், காட்ட எதுவும் மிஞ்சியிருக்காது.